ஐயாயிரம் ரூபாய்க்குக் கீழே காணாமல் போகும் திருட்டு

ஒரு வட்டாரத்தில் குற்றம் குறைந்துவிட்டது என்று காவல்துறை அறிவித்தால், அங்கே பதிவான எஃப்.ஐ.ஆர். குறைந்திருக்கிறது என்பது மட்டுமே அதன் பொருள். குற்றம் கூடுவதும் குற்றப் பதிவு கூடுவதும் ஒன்றல்ல என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகமே தன் ஆண்டறிக்கையில் எச்சரிக்கிறது. மேடையில் புள்ளிவிவரம் வாசிப்பவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

கணக்கு சுருங்கும் வழிகளில் இரண்டு பழையவை. ஒரே எஃப்.ஐ.ஆரில் பல குற்றங்கள் இருந்தால், அவற்றில் மிகக் கடுமையான ஒன்றைத்தான் காப்பகம் எண்ணும். தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் தரப்படும் சி.எஸ்.ஆர். ரசீது இன்னொன்று. மனு வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டுமே அது சான்று. வழக்கு பதிவானதற்குச் சான்று ஆகாது. ரசீதோடு வீடு திரும்புகிறவர் வழக்கு நடப்பதாக நம்பிக்கொண்டிருப்பார். மாவட்டக் கணக்கிலோ அவர் பொருள் திருடுபோகவே இல்லை.

மூன்றாவது வழி, 2024 ஜூலை 1 அன்று புதிய குற்றவியல் சட்டங்களோடு வந்தது. கவலைக்குரியதும் இதுதான். பழைய தண்டனைச் சட்டத்தின் 379-ஆவது பிரிவில் பத்து ரூபாய்த் திருட்டும் பிடியாணை வேண்டாக் குற்றமே. புகார் வந்தால் நிலையம் வழக்கு பதிந்து விசாரித்தாக வேண்டும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆவது பிரிவு, 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளை முதன்முறை திருடித் தண்டிக்கப்படுபவர், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பித் தந்தால் சமூக சேவையே தண்டனை என்கிறது. நோக்கம் நல்லதே. பசிக்குத் திருடியவனைச் சிறைக்கு அனுப்பாமல் இருப்பது நியாயம்தான்.

சிக்கல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் அட்டவணையில் இருக்கிறது. 5,000 ரூபாய்க்குக் கீழான திருட்டை அது பிடியாணை வேண்டும் குற்றமாக மாற்றிவிட்டது. இனி நிலையம் தகவலைக் குறித்துக்கொண்டு, புகார்தாரரை நீதித்துறை நடுவரிடம் அனுப்பலாம்; நடுவர் உத்தரவில்லாமல் விசாரிக்க முடியாது. சலுகையோ முதன்முறை சிக்கியவருக்கானது. புகார் கொடுக்கும் நேரத்தில் திருடன் யாரென்றே தெரியாதபோது, அது அவனுக்கு முதல் தடவையா பத்தாவதா என்று எப்படித் தெரியும்? பொருளின் மதிப்பு என்பது வாங்கிய விலையா, இன்றைய விலையா என்பதையும் பிரிவு சொல்லவில்லை. 12,000 ரூபாய்க்கு வாங்கி மூன்று வருடம் ஓட்டிய செல்போனுக்கு விலை போடுவது கடைசியில் நிலைய எழுத்தரின் பேனாதான்.

பூங்கா பெஞ்சில் வைத்த செல்போன், தெருவில் நிறுத்திய பழைய சைக்கிள், சந்தையில் போன பர்ஸ்: தெருவாசிகளுக்குத் திருட்டு என்றால் பெரும்பாலும் இவைதான். இவை கணக்கை விட்டு வெளியேறும் ஆண்டில் கோடு இறங்கும். அதைச் சாதனை என்று சொல்ல ஆள் இருக்கும்.

தப்பிக்கும் வாசலும் சட்டத்திலேயே இருக்கிறது. குடியிருக்கும் கட்டடத்திலிருந்தோ, பயணிகளோ சரக்கோ செல்லும் வாகனத்திலிருந்தோ பொருள் போனால் நியாய சன்ஹிதாவின் 305-ஆவது பிரிவு பாயும். ஏழு ஆண்டு வரை சிறை; மதிப்பு எவ்வளவானாலும் வழக்கு பதிந்தாக வேண்டும். செயின் பறிப்பு போன்றவற்றுக்கு 304. ஆகவே புகாரில் என்ன போனது என்பதோடு, எங்கிருந்து, எப்படிப் போனது என்பதையும் தெளிவாக எழுதுவது அவசியம்.

இன்னொரு தாமதமும் உண்டு. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனைக் குற்றங்களில், டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரியின் அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம். விதிவிலக்காக வந்த இந்த வசதி வழக்கமாகிவிடக் கூடாது.

தடுப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சென்னையின் ‘மூன்றாவது கண்’ கேமராக்கள் திருடனைப் பின்னால் பிடிக்க உதவுகின்றன. திருட்டைத் தடுத்தனவா, பக்கத்துத் தெருவுக்குத் தள்ளினவா என்பது வேறு கேள்வி. ரோந்து வருகையைப் பதியும் பட்டா புத்தகத்தில் இருக்கும் கையெழுத்து, காவலர் அங்கே வந்தார் என்பதைக் காட்டும். ரோந்து சுற்றினார் என்பதைக் காட்டாது.

காவலர் தேர்வு விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நெருங்கும்போதெல்லாம், இத்தனை பேர் சேர்ந்தால் நம் தெருவுக்கு ஆள் வருமா என்று வாசகர்கள் கேட்கிறார்கள். உடனே வராது. சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் பொதுத் தேர்வு அறிவிப்பில் இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் எல்லோரையும் கூட்டித்தான் எண்ணிக்கை வரும். காவலராகத் தேர்வானவரும் முதலில் போவது ஆயுதப்படைக்கு அல்லது சிறப்புக் காவல் படைக்கு. உள்ளூர் நிலையத்துக்கு வரச் சில ஆண்டுகளாவது ஆகும்.

மற்ற கேள்விகள்:

கல்வித் தகுதி? பத்தாம் வகுப்புத் தேர்ச்சி.

தமிழ்த் தகுதித் தேர்வு? 40 சதவீதம் எடுக்காவிட்டால் அடுத்த விடைத்தாள் திருத்தப்படாது.

எல்லை எங்களுடையதல்ல என்று நிலையத்தில் திருப்பி அனுப்பினால்? எல்லை பாராமல் தகவலைப் பதியச் சொல்கிறது நடைமுறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவு.

இணையத்தில் புகார் அனுப்பலாமா? அனுப்பலாம், மூன்று நாளுக்குள் கையெழுத்திட வேண்டும்.

பதிய மறுத்தால்? மாவட்டக் கண்காணிப்பாளருக்குத் தபாலில் எழுதலாம். அதற்கும் பலனில்லை என்றால் நடுவர் நீதிமன்றம்.

எஃப்.ஐ.ஆர். நகலுக்குக் கட்டணம்? புகார்தாரருக்கு இலவசம், காசு கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.