சித்தப்பாவுக்கு சிறுநீரகம் தந்த லீலாவதி: 36 ஆண்டுக்கு மேல் வாழ்ந்து காட்டினார்!

நெல்லை, டிச.19–

"ஒரு கிட்னியக் குடுத்துட்டா ஆளு தேறுமாவே?" டீக்கடை பெஞ்சில் இன்றும் கேட்கிற கேள்விதான் இது. பதில் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது.

1984 அக்டோபரில் முதல்-அமைச்சர் எம்.ஜி.ஆர். சென்னை அப்பல்லோ ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். சிறுநீரகம் செயலிழந்தது. நவம்பரில் அமெரிக்கா கொண்டு போனார்கள். கோவில், சர்ச், பள்ளிவாசல் எங்கும் ஒரே பிரார்த்தனை!

சிறுநீரகம் தர முன்வந்தார் அண்ணன் சக்கரபாணியின் மகள் லீலாவதி. டிசம்பர் 19-ந்தேதி நியூயார்க் புரூக்ளின் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது.

கொடுத்தது யார் என்று எம்.ஜி.ஆருக்கு முதலில் தெரியாதாம். பிறகுதான் தெரிந்ததாம். அப்படிப்பட்ட மகளை நேரில் பார்க்கும்போது என்ன சொல்லி நன்றி தீரும்?

1985 பிப்ரவரியில் ஊர் திரும்பி மீண்டும் முதல்-அமைச்சர் ஆனார். 1987 டிசம்பர் 24-ந்தேதி காலமானார். லீலாவதி மறைந்ததோ 2021 நவம்பரில்!

ஒன்றைக் கொடுத்தால் மற்றது பெருமளவு வேலையை ஏற்றுக்கொள்ளும். ஆனால் முழுப் பரிசோதனை முடிந்த பிறகே டாக்டர்கள் சம்மதிப்பார்கள். கொடுத்தவர் பின்னாலும் ரத்த அழுத்தம் பார்த்து வரவேண்டும்.

காசுக்கு விற்றால்? 1994-ம் ஆண்டு சட்டமும் 2011 திருத்தமும் சும்மா விடாது. 5 முதல் 10 ஆண்டு ஜெயில். 20 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம். வாங்கினவருக்கும் புரோக்கருக்கும் இதே கதிதான்.

சொந்தத்தில் யாருக்காவது இந்த ஆபரேஷன் நடந்தால், பிழைத்தவரை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். கொடுத்தவர் கட்டிலுக்கும் போய் நலம் விசாரியுங்கள்!