வீட்டு வலையும் விருந்தினர் வலையும்

எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டுக்கொள்ளும் பொருட்டுத் தமிழ்நாட்டிலிருந்தும் மக்கள் நெடுங்காலமாக நாடிச் செல்லும் ஊர், சென்னைக்கும் திருப்பதிக்கும் இடையிலுள்ள புத்தூர். நோயாளிக்குத் துணையாக வருவோர் உறவினர் இல்லங்களில் தங்குவதும் உண்டு. இக்காலத்தில் அவ்விருந்தினர் குடிநீருக்கு அடுத்தபடியாகக் கேட்பது வைஃபை கடவுச்சொல்லையே. மறுப்பது பண்பன்று; ஆயினும், அதைக் கொடுப்பவர் தாம் எதைக் கொடுக்கிறோம் என்பதை அறிந்திருத்தல் நலம்.

ரவுட்டர் என்னும் கருவியின் வழியே கைப்பேசி, கணிப்பொறி, அச்சுப்பொறி, கண்காணிப்புக் காமிரா யாவும் சாதாரணமாக ஒரே வலையில் இணைகின்றன. ஒரே வலையிலுள்ள கருவிகள் ஒன்றையொன்று நேரே அணுகவியலும். விருந்தினரின் கைப்பேசியில் அவர் அறியாமலே தீய நிரல் ஒன்று புகுந்திருப்பின், மாணவர் மதிப்பெண்கள் உள்ள ஆசிரியரின் கணிப்பொறியையும் அது தட்டிப் பார்க்கக்கூடும்.

இதற்குப் பரிகாரமாக, ஒரே ரவுட்டரை இரண்டு பெயர்களில் ஒலிபரப்பச் செய்யலாம். காற்று ஒன்றே, ஆண்டெனாவும் ஒன்றே. பிரிவினை நிகழ்வது கருவியின் உள்ளே. விருந்தினர் வலைக்கு வேறு முகவரி வரிசை அளிக்கப்படும். அங்கிருந்து இணையத்திற்குச் செல்லலாம், வீட்டு வலைக்குள் நுழைய இயலாது. அலுவலகங்களிலும் பெரிய பள்ளிகளிலும் ஒவ்வொரு தகவல் பொட்டலத்தின் மீதும் வலை எண் பொறிக்கப்படுகிறது. இதற்கான நியமம் 1998-இல் வெளியாயிற்று. எண்ணுக்கு 12 பிட்டுகள் ஒதுக்கப்பட்டிருப்பதால், ஒரே கம்பியில் 4,094 வலைகள் வரை ஒன்றோடொன்று கலவாமல் செல்லக்கூடும்.

விருந்தினர் வலை மனிதருக்கு மட்டும் உரியதன்று. 2016-இல் மிராய் என்ற தீய நிரல், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல் மாற்றப்படாத காமிராக்களையும் ரவுட்டர்களையும் பெருந்தொகையாக வசப்படுத்தியது. அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள் அமெரிக்காவில் பல பெரிய இணையத்தளங்கள் முடங்கின. மலிவான காமிராவையும் விருந்தினராகவே கருதுவது விவேகம்.

ஆனால் இப்பிரிவினைக்கு ஓர் எல்லை உண்டு. விற்பனையாளர் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை. உள்ளே வலைகள் இரண்டாயினும், வெளியுலகுக்குத் தெரியும் முகவரி ஒன்றே. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத் குண்டுவெடிப்புகளுக்குச் சில நிமிஷங்கள் முன்னர் வந்த மின்னஞ்சலின் முகவரி, நவி மும்பையில் அமெரிக்கர் ஒருவர் வசித்த வீட்டைச் சுட்டியது. அவருடைய பாதுகாப்பற்ற வைஃபையைப் பிறர் பயன்படுத்தியிருந்தனர். அவருக்குப் பங்கில்லை எனத் தெளிவாகும் வரை அவர் விசாரணைக்கு உட்பட நேர்ந்தது. விருந்தினர் வலையைக் கடவுச்சொல்லின்றித் திறந்து வைப்பவருக்கும் இந்நிலை ஏற்படலாம். ஆகவே அதற்கும் தனிக் கடவுச்சொல் வேண்டும். விருந்தினர் ஊர் திரும்பியபின் அதை மாற்றிவிட வேண்டும்.

சில ரவுட்டர்களில், அவை வேறொரு ரவுட்டருக்குத் துணையாக இணைக்கப்பட்டிருக்கும்போது, விருந்தினர் வலை பெயரளவிலேயே பிரிந்திருக்கும். இதைச் சோதிப்பது எளிது. கைப்பேசியை விருந்தினர் வலையில் இணைத்து, வீட்டு அச்சுப்பொறியின் முகவரியையும், வீட்டு வலையில் ரவுட்டருக்கு உள்ள முகவரியையும், உதாரணமாக 192.168.1.1 என்பதை, உலாவியில் இட்டுப் பார்க்கலாம். இவற்றில் ஏதேனும் ஒரு பக்கம் திறந்தால் தடுப்பு முழுமையாக இல்லை.