ஹைட்ராவா, ஃபரானாவா?

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலோ, கோவைக் குறிச்சியிலோ, ஸ்ரீபெரும்புதூர் நெடுஞ்சாலை ஓரத்திலோ காலை வேளையில் நடந்து செல்பவர்கள், மஞ்சள் வர்ணம் பூசிய யந்திரங்கள் தம் நீண்ட கைகளைத் தாழ்த்தியபடி மரநிழலில் வரிசையாக வாடகைக்குக் காத்து நிற்பதைப் பார்த்திருப்பார்கள். ஜனங்கள் அவற்றை ஹைட்ரா என்று அழைக்கிறார்கள். ஹரியானாவின் பரீதாபாத்திலுள்ள எஸ்கார்ட்ஸ் நிறுவனம் தன் கிரேனுக்கு இட்ட பெயர் அது. வனஸ்பதிக்கெல்லாம் டால்டா என்ற பெயர் ஒட்டிக்கொண்டதைப் போல, எவர் செய்த யந்திரமானாலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. சில வருஷங்களாக அதன் பக்கத்திலேயே, சாரதியின் அறை முகப்பில் அமைந்த இன்னொரு ஜாதி யந்திரமும் நிற்கிறது. அதற்கு ஃபரானா என்று பெயர். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்து ஃப்ரானா கிரேனின் பெயர்தான் நம் தொழிலாளர் நாவில் புரண்டு இவ்வுருவம் பெற்றது.

இரண்டும் நெருங்கிய உறவுடையவை. இரண்டும் பாரத்தைத் தூக்கியபடியே நடந்து செல்லக்கூடியவை. தூக்குவதற்குமுன் ஜாக்கி ஊன்றுவதில்லை. பூம் என்னும் நீண்ட கை இடவலமாகச் சுழல்வதில்லை. யந்திரத்தின் இடுப்பே மடங்கித் திரும்புகிறது. ஒன்றின்மேல் 14 என்றும் மற்றொன்றின்மேல் 15 என்றும் எழுதியிருந்தால், ஒரு டன் வித்தியாசம்தானே என்று எண்ணி, வாடகை குறைந்ததை அமர்த்திக்கொள்வது வாடிக்கை. அந்த வாடிக்கை எத்தனை ஆபத்தானது என்பதை நான் ஒரு தொழிற்சாலை முற்றத்தில் பிரத்தியட்சமாகக் கண்டேன்.

ஆறு டன் எடையுள்ள டிரான்ஸ்பார்மர் ஒன்றை லாரியிலிருந்து இறக்கிக் கான்கிரீட் மேடையில் வைக்கவேண்டியிருந்தது. மேடைக்கு முன்னால் அகலமான கழிவுநீர்க் கால்வாய் ஓடியதால், எந்த யந்திரமானாலும் அதன் முன்சக்கரம் மேடையின் நடுவிலிருந்து நாலு மீட்டருக்கு இப்பால்தான் நிற்க முடியும். வாசலில் ஒரு 14 டன் ஹைட்ராவும் ஒரு 15 டன் ஃபரானாவும் வந்து நின்றன. ஆறு டன்னுக்கு இரண்டில் எதுவும் யதேஷ்டம் என்பது முதலாளியின் அபிப்பிராயம். மேஸ்திரி மட்டும் ஹைட்ராவின் அருகே சென்று, "தம்பி, லோடு சார்ட் எங்கே?" என்று கேட்டார். "கதவுக்குப் பின்னாடி இருக்குண்ணே" என்று ஆப்பரேட்டர் திறந்து காட்டிய தகட்டில், எண்ணெய்க் கறை படிந்து பாதி எழுத்துகள் மங்கிப் போயிருந்தன. மேஸ்திரி தோள்துண்டால் அதைத் துடைத்துவிட்டு, விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்திப் படித்தார். பிறகு ஃபரானாவின் தகட்டையும் அவ்வாறே படித்துவிட்டு, "ரெண்டும் வேண்டாங்க" என்றார்.

அவர் படித்தது என்ன? எந்தத் தூரத்தில் எத்தனை பாரம் தூக்கலாம் என்ற கணக்கை. கிரேனின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் டன் கணக்கு, பூமை முழுவதும் சுருக்கி, பாரத்தை யந்திரத்தின் மார்போடு அணைத்துக்கொண்ட நிலையில் மட்டுமே செல்லுபடியாவது. பாரம் விலக விலக வலிமை விரைந்து குறைகிறது. ஒரு கணக்குக்காக, 14 டன் என்பது முன் அச்சிலிருந்து ஒன்றரை மீட்டர் தூரத்துக்கு உரியதென்று வைத்துக்கொள்வோம். பாரத்தையும் தூரத்தையும் பெருக்க வருவது 21. அதை நாலு மீட்டருக்கு வகுத்தால் கிடைப்பது ஐந்தேகால் டன். இன்னொரு யந்திரத்தின் 15 டன் 1.2 மீட்டருக்கு உரியதானால் பெருக்கம் 18 ஆகி, நாலு மீட்டரில் நாலரை டன்னாகவே நிற்கும். பெயரில் பெரியது வேலையில் சிறியதாகிவிட்டதல்லவா? உண்மையில் இவற்றினும் குறைவாகவே கிடைக்கும். பூம் நீளும்போது அதன் சொந்த எடையும் முன்னே செல்கிறது. கொக்கி, சங்கிலி, ஷேக்கிள் ஆகியவற்றின் எடையும் பாரத்தின் கணக்கிலேயே சேர்கிறது. தூரத்தை எங்கிருந்து அளக்கிறார்கள் என்பதையும் கவனிக்கவேண்டும். ஒரு தகடு முன் பம்பரிலிருந்து அளக்கும். சுழலும் கிரேன்களின் தகடோ சுழல் மையத்திலிருந்து அளக்கும். இதை அறியாமல் இரண்டு தகடுகளை ஒப்பிட்டால் பிரயோஜனமில்லை.

மற்றொரு சூட்சுமமும் உண்டு. கவிழ்ந்துவிடும் பாரத்தில் எத்தனை சதவீதத்தை அனுமதிப்பது என்பதில் விதிகள் ஒன்றுபோல் இல்லை. அமெரிக்க முறைப்படி, டயர்மேல் நின்று தூக்கும் சக்கரக் கிரேனுக்கு 75 சதவீதமும், ஜாக்கி ஊன்றித் தூக்குவதற்கு 85 சதவீதமும் உச்சவரம்பு. கவிழும் பாரம் இருபது டன் என்றால், 75 சதவீதக் கணக்கு அதை 15 என்று எழுதும், 85 சதவீதக் கணக்கு 17 என்று எழுதும். ஆகவே இரண்டு கம்பெனிகளின் விலைப்பட்டியல்களை அருகருகே வைத்துக்கொண்டு, இது பலசாலி, அது பலவீனம் என்று தீர்ப்புச் சொல்பவர்கள், அந்தச் சதவீதத்தை முதலில் விசாரித்தாக வேண்டும்.

வலிமையில் இவ்விரு ஜாதிகளுக்கும் பெரிய பேதமில்லை என்றால், உண்மையான பேதம் எங்கே இருக்கிறது? பார்வையில் இருக்கிறது. பழைய ஹைட்ராவில் ஆப்பரேட்டர் பின்னால் அமர்ந்திருக்கிறார். பக்கத்தில் பருத்த பூம் ஒரு புறத்தை மறைக்கிறது, எதிரே ஆடும் பாரம் மற்றதை மறைக்கிறது. அந்த மறைவில்தான் கலாசி ஒருவர், பாரம் ஆடாமலிருக்க அதைக் கையால் பிடித்துக்கொண்டு, யந்திரத்தோடு பின்னோக்கி நடக்கிறார். அவர் கால் ஒரு கல்லில் இடறினால், மேலே இருப்பவருக்கு அது தெரிய மார்க்கமில்லை. இவ்வகையில் எத்தனையோ உயிர்கள் போனதைக் கண்டபிறகே, பெரிய கட்டுமானத் தளங்கள் பலவற்றில் பழைய ஹைட்ராவை வாசலுக்குள் விடுவதில்லை என்று விதித்துவிட்டார்கள். ஃபரானாவில் சாரதி முகப்பிலேயே அமர்ந்திருப்பதால் பாரமும் பாதையும் ஆளும் அவர் கண்முன் இருக்கின்றன. வாடகை சற்று அதிகம்தான். ஆயினும் பாரத்தோடு பத்தடி நடக்கவேண்டிய வேலையாக இருந்தாலும் ஃபரானாவையே அமர்த்தவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஆனால் ஃபரானாவாயினும் இடுப்பை மடக்கித் திரும்பும்போது சாயும் அபாயம் கூடுகிறது. நேராக நிற்கையில் தூக்கக்கூடிய பாரத்தைத் திருப்பத்தில் தூக்கலாகாது. தரை ஒருபுறம் சரிந்திருந்தாலும், ஒரு டயரில் காற்றுக் குறைந்திருந்தாலும் தகட்டிலுள்ள எண்களை நம்புவதற்கில்லை. சமதரையையும் கெட்டியான நிலத்தையும் உத்தேசித்தே அவை எழுதப்பட்டவை.

அன்று அந்தத் தொழிற்சாலை முற்றத்திலிருந்து இரண்டு யந்திரங்களும் திரும்பிப் போயின. மறுநாள் ஜாக்கி ஊன்றி நிற்கும் 40 டன் லாரி கிரேன் ஒன்று வந்து, கால்வாய்க் கரையை விட்டுத் தள்ளி நின்றுகொண்டு, அரைமணி நேரத்தில் டிரான்ஸ்பார்மரை மேடையில் அமர்த்திவிட்டது. முதலாளிக்கு ஒருநாள் தாமதமும் கூடுதல் வாடகையும் நஷ்டம். ஆட்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை. கிரேன் அமர்த்தும் அன்பர்களே, வாடகையைப் பேசுமுன் தகட்டைக் காட்டச் சொல்லுங்கள். எழுத்து அழிந்த தகட்டோடு வரும் யந்திரத்தை, அது எந்த ஜாதியானாலும், வாசலிலிருந்தே திருப்பி அனுப்பிவிடுங்கள்.