கோமாரியை மடக்கும் எதிர்ப்பொருள்

கோமாரி கண்ட மாடு நுரை தள்ளும்; குளம்பிடுக்கில் புண் வெடிக்கும்; கறவை வற்றிப்போகும். இத்தனைக்கும் காரணமான வைரஸின் விட்டம் சுமார் 30 நானோமீட்டர்தான். பாக்டீரியாவை நிறுத்திவிடும் வடிகட்டியையும் இந்த நோய்க்கிருமி கடந்துவிடுகிறது என்று 1898-ல் ஜெர்மனியின் லோஃப்லரும் ஃப்ரோஷும் காட்டினார்கள். விலங்குகளைத் தாக்கும் வைரஸ்களில் முதலில் அறியப்பட்டது இதுதான்.

நான்கு வகைப் புரதங்கள், வகைக்கு 60 வீதம் சேர்ந்து இதன் ஓட்டைக் கட்டுகின்றன. அவற்றில் விபி1 என்ற புரதத்தின் ஒரு வளையம் வெளியே நீண்டு நிற்கிறது. அதன் முனையில் அடுத்தடுத்து மூன்று அமினோ அமிலங்கள்: ஆர்ஜினின், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம். மாட்டின் செல் மேலுள்ள இன்டெக்ரின் புரதத்தை வைரஸ் பற்றிக்கொள்வது இவற்றால்தான். ரத்தத்தில் சுற்றும் எதிர்ப்பொருள் முந்திக்கொண்டு இந்த வளையத்தில் ஒட்டிவிட்டால், வைரஸுக்குச் செல்லில் இடமில்லை. எதிர்ப்பொருளுக்கு இரண்டு கைகள் உண்டு. அதனால் வைரஸ்களை ஒன்றோடொன்று பிணைத்தும் போடும். விழுங்கணுக்கள் வந்து அவற்றைத் தின்று தீர்க்கும்.

அந்த மூன்று அமிலங்களை வைரஸ் எளிதில் மாற்றாது. மாற்றினால் செல்லுக்குள் நுழையும் வழியே அடைபடும். அக்கம்பக்கத்தைத்தான் மாற்றிக்கொண்டே இருக்கிறது. எதிர்ப்பொருள் பிடிக்கும் பரப்பு அந்த மூன்றைவிடப் பெரியது என்பதால், ஓரம் மாறினாலே பிடி நழுவிவிடும். ஓட்டில் சேர்ந்த இத்தகைய வேறுபாடுகளால் இந்த வைரஸில் ஏழு ரகங்கள். ஒன்றை வென்ற மாடு இன்னொன்றிடம் தோற்கும். ஓ, ஏ, ஆசியா 1 என மூன்றையும் இந்தியத் தடுப்பூசியில் சேர்ப்பது இதனால்தான்.

தடுப்பூசியில் இருப்பது செயலிழக்கச் செய்த வைரஸ். ஆனால் அதன் ஓடு முழுசாக இருந்தாக வேண்டும். சூடு பட்டால் அது 12 துண்டுகளாகப் பிரிந்துவிடும். துண்டுகளைப் பார்த்து உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளில், முழு வைரஸை மடக்கும் திறன் உள்ளது மிகக் குறைவு. ஊசி போட்டும் நோய் வந்தது என்ற புலம்பலுக்கு இதுவும் ஒரு காரணம். 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரை விடாமல் காக்க வேண்டும் என்று கால்நடை மருத்துவர்கள் வற்புறுத்துவது வெறும் சம்பிரதாயம் அல்ல.

கன்றுக்கு நஞ்சுக்கொடி வழியாக எதிர்ப்பொருள் போவதில்லை, சீம்பால்தான் தருகிறது. அந்தத் தாய்வழிப் பாதுகாப்பு இருக்கும்வரை தடுப்பூசி சரியாக வேலை செய்யாது. ஆகவே நான்கு மாதத்தில் முதல் ஊசி, சில வாரங்களில் ஊக்க ஊசி, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. மாடு வளர்ப்பவர்களே, முகாம் நாளைத் தவறவிடாதீர்கள். மருந்து ஐஸ் பெட்டியில்தான் வந்ததா என்று தயங்காமல் கேளுங்கள்.