பினரப் பூச்செடியை விதையிலிருந்து வளர்த்தல்

ஹோர்ட்டன் சமவெளி போன்ற மலைநாட்டுப் புல்வெளிகளில் ஊதா கலந்த நீலநிறத்திற் பூக்கும் செடியொன்றுண்டு. சிங்கள மக்கள் இதனைப் பினர என்பர். செப்டெம்பரை ஒட்டிவரும் பினர மாதத்திற் பூப்பதால் இப்பெயர் பொருந்துகின்றது. தாவரநூலார் எக்சாக்கம் டிரைநேர்வியம் என்பர். ஐந்து இதழ்களும், நடுவே வளைந்த மஞ்சள் மகரந்தப்பைகளும், மூன்று நரம்போடிய எதிரெதிர் இலைகளும் இதன் அடையாளங்கள். இது இலங்கைக்கே உரியது. ஜென்ஷியன் என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் வைத்தியர் கையாளும் வெள்ளறுகும் அக்குடும்பத்ததே.

இப்பூவைக் கண்டோர்க்குச் செடியை வேரோடு பெயர்த்துவர ஆசை எழுவதுண்டு. அது தகாது. ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில் வளர்ந்த செடி, 1,600 அடியிலுள்ள கண்டியின் வெப்பத்தில் நிலைப்பது அரிது. மலையில் ஒன்று குறையுமேயன்றி வீட்டில் ஒன்று கூடாது. மேலும், 1988 ஆம் ஆண்டு தேசிய வனமாக்கப்பட்ட ஹோர்ட்டன் சமவெளியிலிருந்து செடியையோ விதையையோ எடுப்பது சட்டவிரோதமாகும். ஆதலின் சொந்த நிலத்துச் செடியிலிருந்தோ நாற்றுப்பண்ணையிலிருந்தோ விதை பெறுக. புதிதாகத் தொடங்குவோர், சொகோத்திராத் தீவைத் தாயகமாகக் கொண்ட பாரசீக வயலட் என்னும் இனச்செடியில் முதலிற் பழகுதல் நன்று.

விதை சேர்த்தல்

மகரந்தப்பையின் நுனியிலுள்ள சிறு துளை வழியாகவே மகரந்தம் வெளிவரும். தேனீ பூவைப் பற்றி அதிர்த்தாலன்றி அது எளிதிற் சிந்தாது. எனவே தேனீ வராத அறையினுள் வைத்த செடியிற் காய் பிடிப்பது குறையும். காய் பழுப்பாகி வெடிக்குமுன் கொய்து, காகித உறையிலிட்டு நிழலில் உலர்த்துக. விதை தூசியைப் போன்றது.

விதைத்தல்

தக்காளி, கத்தரி விதைகளை மண்ணால் மூடுவது நம் வழக்கம். பினர விதையை அவ்வாறு மூடலாகாது. முளைக்க அதற்கு ஒளி வேண்டும். தன்னுட் சேமித்த உணவோ மிகச் சிறிது. ஆழத்திற் புதைந்தால் மேலெழ வலிவிராது.

சலித்த இலைமக்கும் ஆற்றுமணலும் சமபங்கு கலந்து, ஆழங்குறைந்த தட்டில் நிரப்பிக் கொதிநீர் ஊற்றி ஆறவிடுக. விதையை உலர்ந்த நுண்மணலுடன் கலந்து மேலே தூவி, மெல்ல அழுத்துக. பூவாளியால் நீர் தெளித்தால் விதை அள்ளுண்டுபோகும். ஆகவே துளையுள்ள தட்டை நீர்ப்பாத்திரத்தில் வைத்து, ஈரம் கீழிருந்து ஏறச் செய்க. கண்ணாடியால் மூடி, மழைத்துளியும் நேர்வெயிலும் படாத, ஆனால் வெளிச்சமுள்ள தாழ்வாரத்தில் வைக்குக. பாரசீக வயலட் 14 முதல் 21 நாட்களில் முளைக்கும். அதுவரை மேல்மண் ஒருநாளேனும் உலரலாகாது.

நாற்றுப் பராமரிப்பு

முளைத்த நாற்று ஊசிமுனையளவே இருக்கும், வளர்ச்சியும் மெதுவானது. முளை கண்டதும் கண்ணாடியைச் சிறிது சிறிதாக நீக்கிக் காற்றோட்டம் தருக. நெருக்கமும் மிகை ஈரமும் நாற்றழுகலை விளைக்கும். நான்கு இலை வந்தபின், இலையைப் பற்றித் தூக்கி 2 அங்குல இடைவெளியில் நடுக. தண்டைப் பிடித்தால் நசுங்கும். புதிய மாட்டெரு இடலாகாது. தொட்டியில் நீர் தேங்காமலும், நண்பகல் வெயில் படாமலும் காக்க.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் இலங்கை எக்சாக்கங்களைக் கொண்டு தொட்டிப்பூவுக்கான கலப்பினங்களை ஆக்கியுள்ளனர். அயலார் மதிப்பறிந்து வளர்க்கும் இச்செடி, பிறந்த மண்ணில் அருகிப்போதல் முறையன்று. மலையில் உள்ளது மலையிலேயே நிற்கட்டும். மரக்கறி நாற்றில் தேர்ந்த கமக்காரர் கைக்கு இவ்விதையும் வசப்படும்.