மாறியதை மட்டும் பிரதி செய்தல்

புதுச்சேரிக் கடற்கரையை அடுத்த செயின்ட் லூயி தெருவில், 1955-ஆம் ஆண்டு தோன்றிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில், சைவாகமங்கள் முதலான கிரந்தங்களைத் தாங்கிய 8,000-க்கு மேற்பட்ட ஓலைச்சுவடிக் கட்டுகள் இருப்பதையும், 2005-இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டதையும் பலர் அறிவர். ஓலை செல்லரிக்குமுன் புதிய ஓலையில் எழுதிக்கொள்வது பண்டைய வழக்கம். இக்காலத்தில் படமெடுத்துக் கணினியில் ஏற்றுகிறோம். ஆனால் அந்தக் கணினியின் ஹார்டு டிஸ்க்கோ, நூற்றாண்டுகள் தாங்கும் ஓலைக்கு முன்னால் மிகவும் அற்பாயுள் கொண்டது. ஆதலால் படத்துக்கும் பிரதி வேண்டியிருக்கிறது. பெருஞ்சேகரங்களுக்கு அப்பிரதியை வைத்துக்கொள்ள இன்றும் உகந்த சாதனங்களுள் ஒன்று, பழம்பொருள் என்று பலர் எண்ணிவிட்ட காந்த நாடாதான்.

2021-இல் வெளிவந்த எல்.டி.ஓ.-9 என்னும் வகையில், உள்ளங்கையில் அடங்கும் ஒரு கார்ட்ரிட்ஜுக்குள் அரை அங்குல அகலமும் 1,035 மீட்டர் நீளமும் உள்ள நாடா சுற்றப்பட்டிருக்கிறது. அதில் 18 டெராபைட் அடங்கும். அலமாரியில் இருக்கையில் அதற்கு மின்சாரம் வேண்டாம். எந்த வலைப்பின்னலோடும் சம்பந்தமில்லாமையால் வைரஸும் அதை எட்டாது. நடுவிலுள்ள ஒரு ஃபைலை எடுக்கச் சுருளை அதுவரை ஓட்டியாக வேண்டும் என்பது அதன் குறை.

ஒவ்வோர் இரவும் சேகரம் முழுவதையும் நாடாவில் ஏற்றுவது வீண்செலவு. ஒரு சுவடி நிலையத்தையே எடுத்துக்கொண்டால், ஒருமுறை எடுத்த படம் மாறுவதில்லை; மாறுவதெல்லாம் அன்று புதிதாகச் சேர்ந்த படங்களும், பண்டிதர்கள் திருத்திக்கொண்டே இருக்கும் அட்டவணையுமே. ஆகையால் மாறியதை மட்டும் எழுதும் முறை தோன்றிற்று. இதனை இன்கிரிமென்டல் பேக்கப் என்பர். யூனிக்ஸில் உள்ள ‘டம்ப்’ என்னும் பழைய நிரல் இதனைப் படிகளாக வகுத்திருக்கிறது: பூஜ்யப்படி என்றால் முழுப்பிரதி, அதற்கு மேற்பட்ட எந்தப் படியும், தன்னினும் தாழ்ந்த படியில் கடைசியாக எடுத்த பிரதிக்குப் பிறகு மாறியவற்றை மட்டும் கொள்ளும். ஞாயிறன்று பூஜ்யம், திங்களன்று ஒன்று, செவ்வாயன்று இரண்டு என்று ஏறிச் சென்றால் ஒவ்வோர் இரவின் வேலையும் சுருங்கும். ஆனால் வெள்ளியன்று டிஸ்க் பழுதானால், வியாழன் வரையிலான ஐந்து பிரதிகளையும் வரிசை பிறழாமல் மீட்க வேண்டும், இடையில் ஒன்று கெட்டாலும் சங்கிலி அறுந்துபோகும். இதற்கு மாறாக, தினந்தோறும் ஒன்றாம் படியையே எடுத்தால் பிரதி நாளுக்கு நாள் பருக்கும். மீட்பதற்கோ இரண்டே பிரதிகள் போதும். நாடா மலிந்த இக்காலத்தில் பின்னதையே நான் விரும்புவேன்.

மாறியது எது என்று அறிவது தோன்றுகிற அளவு சுலபமன்று. பல ஆண்டுகளுக்குமுன் எடுத்த ஒரு சுவடிப்படத்தை, அதன் பழைய தேதி மாறாமல் இன்று ஒருவர் டிஸ்க்கில் சேர்க்கிறார் என்று கொள்வோம். தேதியை மட்டும் பார்க்கும் நிரல், அது பழையது என்று தாண்டிப் போய்விடும். டம்ப் அத்தேதியோடு நில்லாமல், ஃபைலைப் பற்றிய குறிப்புகள் கடைசியாக மாறிய நேரத்தையும் சேர்த்துப் பார்ப்பதால் அப்படம் விடுபடுவதில்லை. நீக்கப்பட்டவற்றின் கதியும் இத்தகையதே: டைரக்டரிகளின் பட்டியலும் நாடாவில் ஏறாவிட்டால், செவ்வாயன்று நீக்கிய ஃபைல் மீட்கையில் ஆவிபோல் எழுந்து நிற்கும்.

லினக்ஸில் இன்னுமொரு கண்ணி உண்டு. டேப் டிரைவை ‘எஸ்.டி.0’ என்ற பெயரால் அழைத்தால் வேலை முடிந்ததும் சுருள் தானாகத் தொடக்கத்துக்குத் திரும்பும், ‘என்.எஸ்.டி.0’ என்றால் நின்ற இடத்திலேயே நிற்கும். முன்னதைச் சொல்லி ஒரே நாடாவில் இரண்டாம் நாள் பிரதியை எழுதினால், முதல் நாளின் பிரதி அதன் அடியில் மறைந்தொழியும். பிழைச்செய்தி ஒன்றும் வராது என்பதுதான் விபரீதம்.

எழுதிய நாடா அதே கட்டடத்தில் இருப்பது பாதிப் பாதுகாப்பே. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரியை உலுக்கியதைக் கண்டவர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டா. 1736 முதல் 1761 வரை அந்நகரில் ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிவந்த நாட்குறிப்பும் இவ்விஷயத்தில் கவனிக்கத்தக்கது: 1846-இல் கல்வா மோம்ப்ரோன் என்பவர் அதைக் கண்டெடுத்துப் பிரதி செய்துகொண்டார், ஏரியல் என்பவர் செய்வித்த பிரதி பாரிஸ் தேசிய நூலகத்தைச் சேர்ந்தது, பின்னர்ச் சென்னை அரசாங்கமும் ஒன்று எழுதுவித்து, 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. மூன்று ஊர்களில் பிரதிகள் இருந்தன.

நாடா சேதமின்றி இருந்தும் படிக்கும் இயந்திரம் இல்லாமற் போவதுண்டு. எல்.டி.ஓ.-9 டிரைவ் தனக்கு முந்திய எட்டாம் தலைமுறை நாடாவைப் படிக்கும், ஏழாவதைப் படிக்காது. முப்பதாண்டு தாங்குமென்று மதிக்கப்படும் நாடாவை வைத்திருப்போர், பழைய டிரைவ் ஒன்றையும் பேணிக்கொள்ள வேண்டும். இன்றேல், பழைய நாடாவைப் படிக்காத டிரைவுக்கு மாறும் போதெல்லாம் சேகரம் முழுவதையும் பூஜ்யப்படியிலிருந்து புதிய நாடாக்களில் ஏற்ற வேண்டும்.