ஒருவரே பல வாத்தியம்: எதை முதலில் பதிவுசெய்வது?

வீணை, வயலின், மிருதங்கம் மூன்றையும் ஒரே ஆள் தனித்தனியே வாசித்துப் பதிவுசெய்து, ஒரு தில்லானாவாக இணைக்க வேண்டும். என் இசைப் படிப்பில் நான் எடுத்துக்கொண்ட செய்முறைத் திட்டம் இது. வீணை முதன்மைப் பாடம், வயலின் துணைப்பாடம், மிருதங்கம் சின்ன வயதில் கற்றது. விஷயத்தைச் சொன்னதும் எல்லோரும் கேட்பது, "என்ன மைக்?" என்றுதான். எந்த வாத்தியத்தை முதலில் வாசித்தாய் என்று யாரும் கேட்பதில்லை. பதிவு உயிரோடு இருக்குமா என்பது பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

கச்சேரியில் எல்லோரும் எல்லோரையும் கேட்கிறார்கள். ஒரு சங்கதி எங்கே போய் நிற்கப் போகிறது என்று பார்த்து மிருதங்கம் அடக்கி வாசிக்கும். அந்த அடக்கத்தைக் கேட்டு வீணை இன்னும் கொஞ்சம் நின்று வரும். தனித்தனியாகப் பதிவுசெய்யும்போது பின்னால் வாசிப்பவருக்கு முன்னால் வாசித்தவர் கேட்கும். முன்னால் வாசித்தவருக்குப் பின்னால் வரப்போவது கேட்காது. ஆகவே, எந்த வரிசையில் பதிவுசெய்கிறோம் என்பதே யார் யாரைக் கேட்டு வாசிக்கிறார்கள் என்பதை முடிவுசெய்துவிடுகிறது.

வரிசைக் கவலை பழையதுதான். 1941இல் அமெரிக்க ஜாஸ் கலைஞர் சிட்னி பெஷே கிளாரினெட், இரண்டு வகை சாக்ஸபோன், பியானோ, பாஸ், டிரம்ஸ் என ஆறையும் தானே வாசித்து ஒரு இசைத்தட்டு கொடுத்தார். ஒரு தட்டை ஓடவிட்டு, அதோடு சேர்ந்து வாசித்து, அடுத்த தட்டில் பதிய வேண்டும். ஒவ்வொரு நகலிலும் பழைய ஒலி மங்கும். அதனால் இந்த முறையில் முக்கியமான வாத்தியத்தைக் கடைசிக்கு வைப்பதே புத்திசாலித்தனம். கிட்டார் கலைஞர் லெஸ் பால் 1950களின் பிற்பகுதியில் எட்டு டிராக் டேப் இயந்திரத்தை வாங்கி வைத்த பிறகு, ஒவ்வொரு வாத்தியமும் மங்காமல் தன் தடத்தில் தனியாக நிற்பது சாத்தியமானது. 1973இல் வெளியான 'டியூபுலர் பெல்ஸ்' ஆல்பத்தில் பெரும்பாலான வாத்தியங்களை 19 வயது மைக் ஓல்ட்ஃபீல்ட் தானே வாசித்திருந்தார். இன்று ஒரு மடிக்கணினியே அந்த எட்டு டிராக் இயந்திரத்தைவிட அதிகத் தடங்களைத் தாங்கும்.

மேற்கத்திய பாப் இசையில் வழக்கமான வரிசை கிளிக் (வேகத்தைக் காட்டும் சீரான தட்டொலி), டிரம்ஸ், பாஸ், அப்புறம் மற்றவை. அங்கே டிரம்ஸ்தான் அஸ்திவாரம். அதே வரிசையை நம் இசைக்கு வைத்து மிருதங்கத்தை முதலில் வாசித்தால், அது பாட்டைக் கேட்காத மிருதங்கமாகிவிடும். கணக்கு சரியாக இருக்கும், பாட்டுக்கு வாசித்ததாக இருக்காது.

நான் பின்பற்றிய வரிசை இது. முதலில் தம்பூரா. அடுத்து, கையால் ஆதி தாளம் போட்டு, வாயால் சொல்கட்டுச் சொல்லி ஒரு தடம். கிளிக்கைவிட இது மேல் என்பது என் அனுபவம்; லகு எது, திருதம் எது என்று காதுக்குத் தெரிகிறது. மூன்றாவதாக வீணையை முழுக்க ஒருமுறை வாசித்துவிடுவேன். சினிமாவில் பெரிய பாடகர் வருவதற்கு முன் வேறொருவர் டிராக் பாடிவைப்பார் அல்லவா, அந்த வேலைதான் இந்த வீணைக்கும். இதைக் கேட்டு மிருதங்கம். அதன் பிறகு டிராக் வீணையை ஊமையாக்கிவிட்டு, மிருதங்கத்தைக் கேட்டுக்கொண்டே வீணையை மறுபடி வாசிக்க வேண்டும். வயலின் கடைசி. முதல் வீணை யார் காதுக்கும் போகாது, ஆனால் அது இல்லாமல் மிருதங்கத்துக்குப் பாட்டே கிடையாது.

இதற்கு ஒரு விலை உண்டு. எந்த வரியை எத்தனை தடவை, எந்தச் சங்கதியோடு என்பதை முன்பே எழுதிவைத்து அப்படியே வாசிக்க வேண்டும். இல்லாவிட்டால் மிருதங்கம் எப்போதோ கேட்ட சங்கதிக்கு இப்போது அழுத்தம் கொடுத்துக்கொண்டிருக்கும். தில்லானா, வர்ணம் போன்றவற்றுக்கு இந்த முறை பொருந்தும். கல்பனாஸ்வரத்தை இப்படிச் செய்ய வேண்டாம். அதற்கு ஆட்களைக் கூப்பிட்டுச் சேர்ந்து உட்காருவதுதான் முறை.

சுருதி அடுத்த கண்டம். மூன்று கட்டை என்று மட்டும் குறித்துவைத்தால் போதாது. தம்பூரா செயலியில் நுண்ணிய அளவை ஒருமுறை வைத்து, கடைசிவரை அதைத் தொடக் கூடாது. ஏசி அறையில் காற்று உலர்ந்தால் மிருதங்கத்தின் தோல் இறுகி, வலந்தலையின் சுருதி ஏறும். மைக் திறந்ததும் இரைச்சலுக்காக ஏசியை அணைப்போம். கொஞ்ச நேரத்தில் புழுக்கம் வந்து தோல் தளரும். புல்லாங்குழலைச் சேர்ப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல்: குளிர்ந்த காற்றில் ஒலியின் வேகம் குறைவதால் குழல் சுருதி இறங்கும், மிருதங்கத்துக்கு நேர் எதிராக. மேடையில் எல்லோரும் ஒன்றாக இருப்பதால் பாட்டுக்கு நடுவே ஒரு தட்டுத் தட்டிச் சரிசெய்துகொள்வார்கள். பதிந்துவிட்ட தடத்துக்கு மிருதங்கத்தைத் தட்டிச் சரிசெய்யும் கல்லும் கட்டையும் எட்டாது. ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் வலந்தலையைச் சுற்றிவரத் தட்டித் தம்பூராவோடு ஒப்பிடுவது அலுப்பான வேலைதான். விட்டுவிடாதீர்கள்.

கணினி ஒலியைத் தாமதப்படுத்துவதையும் புரிந்துகொள்ள வேண்டும். காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும்; ஒரு மீட்டருக்குக் கிட்டத்தட்ட 3 மில்லிவிநாடி. மேடையில் இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவரின் வாசிப்பு 6 மில்லிவிநாடி கழித்துத்தான் காதுக்கு வருகிறது, அது நமக்குப் பழக்கம். பதிவு மென்பொருள் ஒலியைச் சேர்த்துவைத்துக் கையாளும் பஃபர் 1024 மாதிரி (சாம்பிள்) என்றிருந்தால், விநாடிக்கு 44,100 மாதிரி என்ற கணக்கில் 23 மில்லிவிநாடி ஆகும். அதாவது உங்கள் வீணையே எட்டு மீட்டர் தள்ளிக் கேட்கும். உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் தாமதம் என்பதால் உண்மையில் அதைவிட மோசம். கை தானாகவே முந்த ஆரம்பிக்கும். லயம் ஆடுகிறது என்று நம் கையைச் சந்தேகிக்கும் முன், பஃபரை 128க்குக் குறைத்துப் பாருங்கள். ஆடியோ இன்டர்ஃபேஸில் நேரடியாகக் கேட்கும் வசதி இருந்தால் இன்னும் நல்லது.

மைக் பற்றிக் கொஞ்சம். வீணைக்குக் குடத்தை ஒட்டி வைத்தால் மீட்டும் நகத்தின் சத்தமும் தந்தியில் விரல் உரசுவதும்தான் பெரிதாகக் கேட்கும். ஓரடிக்கு மேல் தள்ளி வையுங்கள். மிருதங்கத்துக்கு வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று. இரண்டையும் சேர்த்துக் கேட்கும்போது தொப்பியின் கும்கி மெலிந்தால், ஒரு தடத்தின் போலாரிட்டியைத் திருப்பிப் பாருங்கள். மூடிய வகை ஹெட்போன் அவசியம், இல்லையென்றால் தாளத் தடம் வீணை மைக்கில் கசியும்.

மிக்ஸிங்கில் நான் கச்சேரி மேடையையே வைத்துக்கொண்டேன். கேட்பவருக்கு நடுவில் வீணை, இடப்பக்கம் மிருதங்கம், வலப்பக்கம் வயலின். இரண்டையும் ஓரத்துக்குத் தள்ளிவிடாமல், கொஞ்சம்தான் விலக்கினேன். எல்லாத் தடங்களையும் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து 24 பிட் வேவ் கோப்புகளாகச் சேமித்து, கோப்பின் பெயரிலேயே கட்டை, தாளம், வேகம் மூன்றையும் எழுதிவையுங்கள். டிராக் வீணையை அழிக்க வேண்டாம். மிருதங்கத்தை மறுபடி வாசிக்க நேர்ந்தால் அதுதான் மறுபடி தேவைப்படும்.